பட்டமா, கடவுச்சீட்டா?

ஆவடியிலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் வந்து ஆங்கில இலக்கியம் பயிலும் நம் மாணவர் பலர், அயல்நாட்டில் ஆங்கிலம் கற்பிக்க இப்பட்டம் செல்லுமா என வினவுகின்றனர். வளைகுடாவின் இந்தியப் பள்ளிகளில், உரிய சான்றொப்பங்களுடன், செல்லும். தென்கொரியாவில் நிலை வேறு. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய 7 நாட்டுக் குடிமக்களுக்கே அங்கு ஆங்கில ஆசிரியர் விசா. 2010இல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரியப் பொருளாதார ஒப்பந்தம், பட்டமும் ஆசிரியர் தகுதிச் சான்றும் உடைய இந்தியருக்கு ஒரு வாயிலைத் திறந்தது. அதுவும் பள்ளிகளில் துணை ஆசிரியராக மட்டுமே.

இதிலுள்ள விந்தையைக் காண்க. 1860இல் 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து தமிழரையும் தெலுங்கரையும் டர்பனுக்குக் கரும்புத்தோட்ட வேலைக்கு ஏற்றிச் சென்றது. அவர்தம் வழித்தோன்றல், ஆங்கிலவழியில் பயின்ற தென்னாப்பிரிக்கக் குடிமகனாயின், எத்துறையில் இளங்கலை பெற்றிருப்பினும் விண்ணப்பிக்கலாம். ஷேக்ஸ்பியரை முதுகலை வரை கற்ற ஆவடி மாணவிக்கோ அவ்வுரிமை இல்லை. (தமிழாசிரியனாகிய நான் ஆங்கிலத்திற்காக வழக்காடுவது சிலருக்கு நகைப்பாயிருக்கலாம்!) ஒலிப்பைச் சோதிக்கட்டும், வகுப்பில் நிறுத்திப் பாடம் நடத்தச் சொல்லட்டும். பிறந்த நாட்டைக் கொண்டு கற்பிக்கும் திறனை அளத்தல் முறையன்று.

அவ்விதி மாறும்வரை, முகவரிடம் பணம் கட்டுமுன் பெற்றோர் கேட்க வேண்டிய முதற்கேள்வி, மகளின் பட்டத்தைப் பற்றியதன்று. அவள் கடவுச்சீட்டைப் பற்றியது.