வார்டுக்கு வாக்களிக்கக் குடியுரிமை தேவையா?

புது தில்லி: யமுனைக் கரையை ஒட்டிய மஜ்னு கா டிலா பகுதியில் இரண்டு அகதிக் குடியிருப்புகள் அருகருகே உள்ளன. ஒன்று, 1960-களில் இருந்து திபெத்தியர்கள் வாழ்ந்துவரும் குடியிருப்பு. மற்றொன்று, பாகிஸ்தானில் இருந்து பிற்காலத்தில் வந்த ஹிந்துக்களின் குடிசைகள். குடியுரிமைத் திருத்தச் சட்டத்தின் கீழ் 2024 மே மாதம் சான்றிதழ் வழங்கும் பணி தொடங்கியது. 2025 பிப்ரவரியில் நடைபெற்ற தில்லி சட்டப்பேரவைத் தேர்தலில் இரண்டாவது குடியிருப்பைச் சேர்ந்த பலர் முதல்முறையாக வாக்களித்தனர். அவர்களைவிடப் பல்லாண்டுகள் முன்னதாக வந்து, அதே பகுதியில் கடை நடத்தி, மூன்று தலைமுறை கண்டுவிட்ட திபெத்தியர்களில் பெரும்பாலோருக்கு மாமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்புகூட இல்லை.

நாட்டின் குடிமகனாக இல்லாத ஒருவர், தாம் வாழும் தெருவின் சாக்கடை பற்றியும் குடிநீர் பற்றியும் முடிவெடுக்கும் தேர்தலில் பங்கேற்கலாமா? 2025-ல் பிகாரில் தொடங்கி, பின்னர் தமிழகம் உள்ளிட்ட மாநிலங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்ட வாக்காளர் பட்டியல் சிறப்பு தீவிரத் திருத்தத்தின் சூட்டில் இக்கேள்வியை எழுப்புவதே சிலருக்குக் குற்றமாகத் தோன்றக்கூடும். ஆயினும் அரசியல் சாசனம் இதுகுறித்து என்ன கூறுகிறது என்பதைப் பார்த்துவிடுவது நல்லது.

வயது வந்தோர் வாக்குரிமையை வழங்கும் 326-வது பிரிவு மக்களவையையும் சட்டப்பேரவைகளையும் மட்டுமே குறிப்பிடுகிறது. "இந்தியக் குடிமகன்" என்னும் நிபந்தனையும் அங்குதான் உள்ளது. 1992-ல் நிறைவேற்றப்பட்ட 73-வது திருத்தமோ, கிராம சபை என்பது அக்கிராமத்துக்குரிய வாக்காளர் பட்டியலில் பதிவானவர்களைக் கொண்ட அமைப்பு என்று கூறுவதோடு நின்றுவிட்டது. பட்டியலைத் தயாரிப்பதும் தேர்தலை நடத்துவதும் மாநிலத் தேர்தல் ஆணையத்தின் பொறுப்பு. பெரும்பாலான மாநிலச் சட்டங்கள் சட்டப்பேரவைப் பட்டியலையே எடுத்துக்கொள்வதால், குடியுரிமை நிபந்தனை பஞ்சாயத்துக்குள் பின்வாசல் வழியாக நுழைந்துவிட்டது. சாசனம் அதை விதிக்கவில்லை; சாசனம் அதைத் தடுக்கவுமில்லை. ஆகவே, மாநில சட்டப்பேரவை விரும்பினால் மாற்றக்கூடிய விஷயம் இது என்று வாதிட இடமிருக்கிறது.

வாக்குரிமை என்பது பிரிக்கமுடியாத ஒரே பொருள் என்ற எண்ணமும் நமது நாட்டின் அனுபவத்துக்குப் பொருந்தாது. 1947-ல் மேற்கு பாகிஸ்தானில் இருந்து வந்து ஜம்மு பகுதியில் குடியேறிய 5,764 குடும்பங்களின் கதையே இதற்குச் சான்று. அவர்கள் இந்தியக் குடிமக்கள். மக்களவைத் தேர்தலில் வாக்களித்தனர். ஆனால் மாநிலத்தின் நிரந்தரக் குடிகள் அல்லர் என்பதால் சட்டப்பேரவைக்கோ, பஞ்சாயத்துக்கோ வாக்களிக்க முடியவில்லை. நாட்டின் பிரதமரைத் தீர்மானிக்கும் தேர்தலில் இடமுண்டு. ஊர்த் தலைவரைத் தீர்மானிக்கும் தேர்தலில் இடமில்லை! 1987-ல் உச்ச நீதிமன்றம் அவர்கள் நிலைக்கு அனுதாபம் தெரிவித்தது. நிவாரணம் அளிக்க இயலவில்லை. 2019-ல் 370-வது பிரிவு செயலிழக்கச் செய்யப்பட்ட பிறகே, 2020 மாவட்ட வளர்ச்சிக் கவுன்சில் தேர்தலிலும் 2024 சட்டப்பேரவைத் தேர்தலிலும் அவர்கள் வாக்களித்தனர். அஸ்ஸாமில் வேறு விதம். 1966 முதல் 1971 மார்ச் 24 வரை வந்து, வெளிநாட்டினர் எனக் கண்டறியப்பட்டோருக்கு வாக்குரிமை தவிர மற்ற உரிமைகள் யாவும் வழங்கி, பத்தாண்டுகள் காத்திருக்கச் சொன்னது 1985 ஒப்பந்தத்தைத் தொடர்ந்து வந்த 6-ஏ பிரிவு. அதை 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

"வாக்கு வேண்டுமெனில் குடியுரிமை பெற்றுக்கொள்ளட்டும்" என்பது பொதுவான பதில். கேட்க எளிமையாக இருக்கிறது. திபெத்தியர் விஷயத்தில் அது எப்படி நடந்தது என்று பார்த்தால்தான் சிக்கல் புரியும். 1950 ஜனவரி 26-க்கும் 1987 ஜூலை 1-க்கும் இடையே இந்தியாவில் பிறந்தவர்கள் பிறப்பால் குடிமக்கள் என்பதை நீதிமன்றங்கள் ஏற்றன. அவர்களைப் பட்டியலில் சேர்க்குமாறு தேர்தல் ஆணையம் 2014-ல் உத்தரவிட்டது. பாஸ்போர்ட் வழங்குமாறு 2016-ல் தில்லி உயர் நீதிமன்றம் கூறியது. ஆனால் 2017-ல் வெளியுறவு அமைச்சகம் விதித்த நிபந்தனைகளின்படி, பாஸ்போர்ட் கோருவோர் பதிவுச் சான்றிதழை ஒப்படைக்க வேண்டும். திபெத்தியக் குடியிருப்பில் வசிக்கக் கூடாது. பிறந்த வீட்டை விட்டு வெளியேறும் துணிவு இருந்தால்தான் முழுக் குடிமகனின் வசதிகள்! அகதி என்ற நிலையே தாய்நாட்டுக் கோரிக்கைக்குச் சாட்சி எனக் கருதும் முதியோரும் அங்கு உள்ளனர். தர்மசாலாவில் இயங்கும் நிர்வாகத்தின் தலைவரைத் தேர்ந்தெடுக்க வாக்களிக்கும் இவர்களுக்கு, குப்பை அள்ளும் நிர்வாகத்தில் குரல் இல்லை.

தமிழகத்துக்கும் இது அந்நியமான பிரச்சினை அன்று. 2021 நிலவரப்படி இலங்கைத் தமிழர்கள் சுமார் 58 ஆயிரம் பேர் முகாம்களில் இருந்தனர். அவ்வாண்டு அவை மறுவாழ்வு முகாம்கள் எனப் பெயர் மாற்றப்பட்டன. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஓரிடத்தில் வாழ்ந்தும், அருகிலுள்ள ஊராட்சியின் கிராம சபையில் அவர்கள் பார்வையாளர்களே. குடியுரிமைத் திருத்தச் சட்டமும் இலங்கையைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

வெளிநாடுகளில் இது புதுமையன்று. ஸ்வீடன் 1976 முதல் வெளிநாட்டினருக்கு உள்ளாட்சி வாக்கு அளித்து வருகிறது. பிரிட்டனில் படிக்கவும் பணிபுரியவும் செல்லும் இந்தியர்கள், காமன்வெல்த் குடிமக்கள் என்ற முறையில் நாடாளுமன்றத் தேர்தலிலேயே வாக்களிக்கலாம். இதை நமது தலைவர்கள் யாரும் தவறு என்று கூறியதாக நினைவில்லை. எதிர்த் தீர்ப்புகளும் உண்டு. அரசு அதிகாரம் ஜெர்மானிய மக்களிடமிருந்தே பிறக்கிறது என்று கூறி, இத்தகைய மாநிலச் சட்டங்களை அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் 1990-ல் ரத்து செய்தது. நியூயார்க் மாநகரம் இயற்றிய சட்டத்தை அம்மாநில உயர்ந்த நீதிமன்றம் 2025-ல் செல்லாது என்றது.

எதிர்ப்பாளர்களின் வாதத்தில் வலுவானது ஒன்றுண்டு. குடியேறியோரின் எண்ணிக்கை மக்களவைத் தேர்தலில் கரைந்துவிடும். சிறிய ஊராட்சியில் அதுவே பெரும்பான்மையாகிவிடலாம். 1964 முதல் 1969 வரை மத்திய அரசு இன்றைய அருணாசலப் பிரதேசத்தில் குடியமர்த்திய சக்மா, ஹாஜோங் மக்கள் குறித்து அம்மாநிலப் பழங்குடியினர் இன்றளவும் கொண்டுள்ள அச்சம் இதுவே. குடியுரிமை வழங்குமாறு 2015-ல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்ட பின்னும் அந்த அச்சம் தணியவில்லை. அதை வெறும் வெறுப்பு என ஒதுக்குவது நியாயமாகாது. எனவேதான் இதை தில்லியில் இருந்து நாடு முழுவதற்கும் விதிக்கக் கூடாது. அரசே பதிவு செய்து, பத்தாண்டுகளுக்கு மேலாகச் சட்டப்படி வசிக்கச் செய்திருக்கும் அகதிகளுக்கு மட்டும், விரும்பும் மாநிலம், தனிப் பட்டியல் மூலம் உள்ளாட்சி வாக்கு வழங்கலாம். போட்டியிடும் உரிமை வேண்டியதில்லை. எல்லை தாண்டி ரகசியமாக வந்தவருக்கு இதில் இடமில்லை.

தனிப் பட்டியல் சாத்தியமா என்ற ஐயத்துக்கும் அவசியமில்லை. உத்தரப் பிரதேசம், கேரளம் போன்ற மாநிலங்கள் உள்ளாட்சிக்கெனத் தனிப் பட்டியல் தயாரித்து வந்துள்ளன. ஆனால் ராம்நாத் கோவிந்த் தலைமையிலான குழு 2024 மார்ச்சில் அளித்த அறிக்கை, மூன்று அடுக்குகளுக்கும் ஒரே வாக்காளர் பட்டியலைப் பரிந்துரைத்துள்ளது. செலவையும் குழப்பத்தையும் குறைக்கும் ஏற்பாடாகவே அது பேசப்படுகிறது. அதற்காக 325-வது பிரிவு திருத்தப்படுமானால், உள்ளாட்சி வாக்காளர் யார் என்பதை மாநிலங்கள் தீர்மானிக்கும் வாய்ப்பும் சேர்ந்தே போய்விடும். அதைப் பற்றி எந்தக் கட்சியும் பெரிதாகப் பேசவில்லை.

தில்லி மாநகராட்சிக்குக் கடைசியாக 2022 டிசம்பரில் தேர்தல் நடைபெற்றது. அதற்கான 1957-ம் ஆண்டுச் சட்டம் நாடாளுமன்றம் இயற்றியது. மூன்று மாநகராட்சிகளை ஒன்றாக்க 2022-ல் அதைத் திருத்த இரு அவைகளுக்கும் அதிக நாள்கள் தேவைப்படவில்லை.