பானங்களில் கலந்துள்ள விலங்குப் பொருள்களைத் தமிழில் அறிவிக்கக் கோரும் மனு

அனுப்புநர்
தலைவர் மற்றும் உறுப்பினர்கள்,
நுகர்வோர் சங்கம், சித்தன்னவாசல்,
புதுக்கோட்டை மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட நியமன அலுவலர் அவர்கள்,
உணவு பாதுகாப்புத் துறை, புதுக்கோட்டை.

பொருள்: குளிர்பானம், பழச்சாறு முதலியவற்றின் சேர்க்கைப் பொருள்களுடைய மூலத்தை அறிவிக்கச் செய்வது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

சமண முனிவர்கள் ஏழடிப்பட்டக் குகையின் கற்படுக்கைகளில் நோன்பிருந்த ஊர் எங்களுடையது. இங்குள்ள அறிவர் கோயில் ஓவியம் காண வருவோரில் சமணர்களும், சைவ உணவுக்காரர்களும், பன்றிப் பொருளை விலக்கும் இஸ்லாமியரும் உண்டு.

அண்மையில் பெட்டிக்கடையில் ஒரு மூதாட்டி சிவப்புக் குளிர்பானத்தைக் கையில் எடுத்து, "இது சைவந்தானாப்பா?" என்று கேட்டார். கடைக்காரர் பச்சைப் புள்ளியைக் காட்டினார். "இந்தச் சிவப்பு எதுலேர்ந்து எடுக்கிறாங்க?" என்றார் அம்மா. லேபிளில் எறும்பளவு ஆங்கில எழுத்துகளும் சில எண்களுமே இருந்தன. அவர் பாட்டிலை வைத்துவிட்டுத் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

அவர் கேள்வி நியாயமானது. 120 என்ற எண் குறிக்கும் கார்மைன் சிவப்பு, கள்ளியில் வாழும் கொச்சினீல் பூச்சியை உலர்த்தி எடுப்பது. 2012இல் அமெரிக்காவில் எதிர்ப்பு எழுந்த பிறகே ஸ்டார்பக்ஸ் தன் ஸ்ட்ராபெரி பானத்தில் அதை விட்டுத் தக்காளிச் சாயத்துக்கு மாறியது. பழச்சாற்றைத் தெளிய வைக்கப் பயன்படும் ஜெலட்டின், மாடு அல்லது பன்றியின் எலும்பிலும் தோலிலும் இருந்து வருவது. ஜிகர்தண்டாவில் சேரும் கடற்பாசி கடலில் விளைவது. உறைந்த கட்டிகளாகச் சேர்த்தால், தம்ளரில் ஜெலட்டினும் கடற்பாசியும் ஒன்றுபோலவே தெரியும்.

குறியீட்டு எண் மட்டும் போதாது, மூலம் தாவரமா, விலங்கா, ஆய்வகத் தயாரிப்பா என்றும் அறிவிக்க வேண்டும் என்று டெல்லி உயர்நீதிமன்றம் 9.12.2021 அன்று உத்தரவிட்டது. எனவே எங்கள் கோரிக்கைகள்:

1. மாவட்டத்தில் பச்சைக் குறியுடன் விற்கும் பானங்களுக்கு, தயாரிப்பாளரிடம் சேர்க்கைப் பொருள்களின் மூல ஆவணங்களைப் பெற்றுச் சரிபார்க்க வேண்டும். குறி தவறானால், 2006ஆம் ஆண்டு உணவு பாதுகாப்புச் சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி (3 லட்சம் ரூபாய் வரை அபராதம்) நடவடிக்கை எடுக்க வேண்டும்.

2. லேபிளில் இன்று ஆங்கிலம் அல்லது இந்தி மட்டுமே கட்டாயம். தமிழையும் கட்டாயமாக்க மேலிடத்துக்குப் பரிந்துரைக்க வேண்டும்.

3. ரோஸ்மில்க், ஜிகர்தண்டா, ஜூஸ் கடைகளில் ஜெலட்டின் சேர்த்தால் அதைத் தமிழில் பலகையில் எழுதச் செய்ய வேண்டும்.

4. வாங்கிய உணவைக் கட்டணம் செலுத்திப் பரிசோதிக்க 40ஆவது பிரிவு தரும் உரிமையை, அதற்கான வழிமுறையுடன் ஊராட்சி அலுவலகங்களில் எழுதி வைக்க வேண்டும்.

அந்த அம்மா மறுபடி கேட்கும்போது, கடைக்காரர் லேபிளைப் படித்தே பதில் சொல்லும் நிலை வர வேண்டும். தாங்கள் எடுக்கும் நடவடிக்கையை எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்
இடம்: சித்தன்னவாசல்