யாருடைய காரை வாங்குகிறோம்?

கார் இல்லாமல் வாழ்வதற்கு ஜேர்மனியில் மிகச் சுலபமான ஊர்களில் எர்லாங்கன் ஒன்று. 1972 முதல் 1996 வரை இங்கே நகரபிதாவாக இருந்த டீட்மார் ஹால்வெக் சைக்கிளுக்காக இந்த ஊரின் வீதிகளையே மாற்றி அமைத்தார். பல்கலைக்கழகம், ஆஸ்பத்திரி, கடைத்தெரு எல்லாம் சைக்கிள் மிதிக்கும் தூரத்தில்தான். நூர்ன்பெர்க்குக்கு ரயிலில் ஏறினால் அரைமணிக்குள் போய்விடலாம். ஆனாலும் இங்குள்ள தமிழர் வீட்டு வாசல்களில் கார் நிற்பது பற்றி எனக்கு முறைப்பாடு இல்லை. கைக்குழந்தை இருக்கும், வயதான தாய் இருப்பார், விடிய மூன்று மணிக்கு வேலை முடியும். கார் வேண்டும்தான். அந்தக் காரை எப்படித் தெரிவு செய்கிறோம் என்பதில்தான் எனக்கு வழக்கு இருக்கிறது.

நேராகவே சொல்கிறேன். எங்களில் கனபேர் வாங்குவது மண்டபத்து வாசலில் நிற்கப்போகும் காரை. வருடத்தில் ஒரு கலியாணம், ஒரு சாமத்தியவீடு, ஒரு பிறந்தநாள், கோடையில் ஹம் காமாட்சி அம்மன் தேர். இந்த நாலைந்து நாட்களுக்காக வருடம் முழுக்கத் தவணை கட்டுகிறோம். "என்ன கார் வச்சிருக்கிறியள்?" என்பது சுகம் விசாரித்ததும் வருகிற அடுத்த கேள்வி. அந்தக் கேள்விக்குப் பயந்து விழாவுக்கே வராமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். ரயிலால் இறங்கி, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பனியில் நடந்துவந்த ஒரு குடும்பத்தைப் பார்த்து, "பாவம், இன்னும் நிமிரேல்லைப் போல" என்று மண்டப வாசலில் ஒருவர் சொன்னதை என் காதால் கேட்டேன். அந்தக் குடும்பத் தலைவருக்கு ஒரு சதம் கடன் கிடையாது. சொன்னவருக்கு இன்னும் ஐந்து வருடத் தவணை பாக்கி.

கேட்டால் இதையெல்லாம் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மூன்று காரணம் சொல்வார்கள். வெள்ளைக்காரன் மதிக்க வேணும். பாவிச்ச கார் என்றால் செலவு வைக்கும். புதுசுதான் பாதுகாப்பு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் மதிப்பு. ஜேர்மனியில் 2023இல் புதிதாகப் பதிவான கார்கள் சுமார் 28 இலட்சம். அதே வருடம் கைமாறிய பாவித்த கார்கள் சுமார் 60 இலட்சம். அந்தப் புதுக்கார்களிலும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தனியாட்களின் பெயரில் பதிவாகவில்லை. நிறுவனங்களின் பெயரில் பதிவானவை. வீதியில் ஓடும் கார்களின் சராசரி வயது 10 வருடத்தைத் தாண்டிவிட்டது. தன் கைக்காசில் கார் வாங்குகிற ஜேர்மன்காரர் பெரும்பாலும் பாவித்த காரைத்தான் வாங்குகிறார் என்பதே இதன் அர்த்தம்.

அப்படியானால் அலுவலகத் தரிப்பிடங்களில் பளபளக்கிற அவுடிகளும் பி.எம்.டபிள்யூக்களும் யாருடையவை? பல கம்பனியுடையவை. பதவி உயரும்போது சம்பளத்தின் ஒரு பகுதியாகக் கார் கொடுப்பது இந்த நாட்டு வழக்கம். அதைச் சொந்தப் பாவனைக்கும் எடுக்கலாம். காரின் பட்டியல் விலையில் 1 சதவீதம் மாதந்தோறும் வருமானமாகக் கணக்கிடப்பட்டு அதற்கு வரி கட்டினால் போதும். கம்பனி கொடுப்பது பாவித்த காராக இருந்தாலும், கணக்குக்கு எடுப்பது அது புதிதாக இருந்தபோது இருந்த பட்டியல் விலையைத்தான். ஆகவே பழையதை எடுப்பதால் வரி குறையாது, புதியதைக் கேட்கிறார்கள். காப்புறுதி, திருத்தவேலை, பல இடங்களில் எரிபொருள்கூடக் கம்பனிக் கணக்கில். இரண்டு மூன்று வருடத்தில் அந்தக் கார் திரும்பிப் போய்விடும், அடுத்தது வரும்.

எர்லாங்கன் ஒரு கம்பனி ஊர். போருக்குப் பிறகு சீமென்ஸ் பெர்லினிலிருந்து இங்கே வந்ததால்தான் இந்தச் சிறு பல்கலைக்கழக நகரம் இன்றைய அளவுக்கு வளர்ந்தது. அதனால் இங்கே எங்கள் கண்ணில் படுகிற "வெள்ளைக்காரனின் கார்" பெரும்பாலும் இந்த வகைதான். எங்கள் ஆள் அதைப் பார்க்கிறார். அதே ரகத்தைத் தன் சொந்தப் பெயரில், வட்டியோடு, ஏழு வருடத் தவணையில் எடுக்கிறார். அடுத்த மேசைக்காரருக்குச் சம்பளத்தோடு வருகிற ஒன்றை இவர் சம்பளத்திலிருந்து வெட்டிக் கொடுக்கிறார். அந்த மேசைக்காரர் இவரைக் கூடுதலாக மதிக்கிறாரா? எனக்குத் தெரிந்தவரை, ஒரு சமையலறைத் தொழிலாளி புது பென்ஸில் வந்து இறங்கும்போது இந்த ஊரில் மதிப்பு எழுவதில்லை, சந்தேகம்தான் எழுகிறது.

இரண்டாவது, பாவித்த கார் செலவு வைக்கும் என்ற பயம். இதில் நியாயம் உண்டு. ஜோர்ஜ் அகெர்லொஃப் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1970இல் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார்; 2001இல் நோபல் பரிசு பெற்றதற்கு அது முக்கிய காரணம். விற்பவனுக்குக் காரின் குறை தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. அதனால் வாங்குபவன் எல்லாக் காரையும் சந்தேகித்து விலையைக் குறைக்கிறான், நல்ல கார் வைத்திருப்பவன் சந்தைக்கே வரமாட்டான் என்பது அவர் வாதம். பழுதை மறைத்து விற்கிற காரை அமெரிக்கர்கள் எலுமிச்சை என்பார்கள். நாங்களோ புதுக்காரின் சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழத்தை வைத்து நசித்துவிட்டு, கூட்டெண் பார்த்து இலக்கத்தகட்டுக்கு வேறு பத்து யூரோ கூடக் கட்டுகிறோம்.

பாவித்த கார் வாங்குவது முழுக்க முழுக்கக் கதைத்துச் செய்கிற வேலை. விற்பவனைத் துருவிக் கேட்க வேண்டும், ஒப்பந்தத்தில் உள்ள சின்ன எழுத்தை வாசிக்க வேண்டும், விலை பேச வேண்டும். மொழி வராதவருக்கு இது நரகம். புதுக்கார் விற்கிற கடையில் குளிரூட்டிய அறையும் கோப்பியும் ஒரே விலையும் இருக்கின்றன. கையெழுத்துப் போட்டால் முடிந்தது. முதல் தலைமுறையில் பலர் புதுக்காருக்குப் போனதற்கு ஆடம்பரத்தைவிட இந்தப் பயமே பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். அதை ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை.

ஆனால் இன்றைக்கு அந்தப் பயத்துக்கு மருந்து வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. இங்கே பிறந்து, இந்த மொழியில் கனவு காண்கிற மகளும் மகனும் இருக்கிறார்கள். சட்டமும் பக்கத்தில் நிற்கிறது. வியாபாரியிடம் வாங்கினால் பாவித்த காருக்கும் குறைந்தது ஒரு வருடம் அவர் பொறுப்பு. தனியாள் விற்றால்தான் அந்தப் பொறுப்பை விலக்கி எழுதலாம். வாங்குவதற்கு முன் ட்யூஃப், டெக்ரா போன்ற இடங்களில் காசு கட்டிக் காரைச் சோதித்துப் பார்க்கலாம். பல்லாயிரம் யூரோ வித்தியாசத்தோடு பார்த்தால் அந்தக் கட்டணம் ஒன்றுமேயில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு போவதற்குத் தகப்பனுக்கு இருக்கிற கூச்சம்தான் மிச்சம்.

மூன்றாவது, பாதுகாப்பு. வழுக்கும் வீதியில் காரை நேராக்கும் ஈ.எஸ்.பி. அமைப்பு 2014 நவம்பருக்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாகப் பதிவாகும் எல்லாக் கார்களுக்கும் கட்டாயம். தானாகத் தடை போடும் அமைப்பு 2024 ஜூலையிலிருந்து கட்டாயமானது. அதற்கு முன்பே பல கார்களில் வந்துவிட்டது. பிள்ளைகளை ஏற்றிச் செல்கிறவர் இவற்றைக் கேட்டு வாங்குவது சரி. ஆனால் பாவித்த கார்களிலும் இவை கிடைக்கின்றன. பாதுகாப்பு என்று தொடங்குகிறவர் கடைசியில் கூடக் காசு கொடுப்பது பெரிய சில்லுக்கும் தோல் இருக்கைக்கும் கூரைக் கண்ணாடிக்கும்தான். அவை எந்த விபத்தில் யாரைக் காப்பாற்றும்?

எனக்கு எதிராக ஒன்று சொல்லலாம். அதை நானே சொல்லிவிடுகிறேன். 1983க்குப் பிறகு இங்கே வந்தவர்களுக்குக் கார் என்பது வெறும் கார் இல்லை. அகதி விண்ணப்பம் கொடுத்தவர் தன் மாவட்டத்தைவிட்டு அனுமதியில்லாமல் வெளியே போக முடியாது என்று 1982ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. வேலை செய்யத் தடை. இந்த ஊருக்குப் பக்கத்தில் உள்ள சிர்ண்டோர்ஃப் முகாம் வழியாக வந்தவர்கள் பலர். பக்கத்து மாவட்டத்துக்குப் போய் அண்ணனைப் பார்ப்பதும் அவர்களுக்குக் குற்றமாக இருந்தது. அப்படி அடைபட்டிருந்த ஒருவர், விசா கிடைத்து, வேலை கிடைத்து, முதன்முதலாக ஒரு காரை எடுத்துக்கொண்டு பாரிஸுக்கும் சூரிச்சுக்கும் ஓடியபோது அதில் பந்தா இருந்தது என்று எவராவது சொன்னால் நான் அவரோடு சண்டைக்குப் போவேன். ஊரிலிருந்து வந்து எங்கள் பென்ஸ்களைப் பார்த்துக் கதை எழுதிய அறிவாளிகளுக்கு இந்த வரலாறு தெரியாது.

ஆனால் அந்த முதல் கார் அநேகமாக எல்லோருக்கும் பாவித்த காராகத்தான் இருந்தது என்பதை நினைவில் வையுங்கள். சில நூறு மார்க் கொடுத்து வாங்கிய ஒப்பெல், ஃபோர்ட், ஃபோக்ஸ்வாகன். அதில்தான் ஆறு பேர் ஏறிப் போனார்கள். விடுதலையைக் கொடுத்தது அந்தப் பழைய கார். புதுக்கார் கொடுத்தது தவணைப் புத்தகம்.

பழையதை இழிவாக நினைப்பது எங்கள் ஊர்ப் பழக்கமுமில்லை. எழுபதுகளில் இலங்கையில் இறக்குமதி இறுக்கப்பட்டிருந்தபோது யாழ்ப்பாணத்து வீதிகளை ஓட்டியது ஒஸ்டின் ஏ40களும் கேம்பிரிட்ஜ்களும் மொரிஸ் மைனர்களும்தான். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காதபோது, சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, மண்ணெண்ணெயில் அதே கார்களை ஓட்டினார்கள். கலியாண வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடப்பெயர்வுக்கும் அவைதான் போயின. நாற்பது வயதுக் காரை ஓடவைக்கிற மெக்கானிக்குக்கு ஊரில் மரியாதை இருந்தது. இங்கே 2009இல் ஜேர்மன் அரசு ஒன்பது வருடத்துக்கு மேற்பட்ட காரை நசிக்கக் கொடுத்துப் புதுக்கார் வாங்கினால் 2,500 யூரோ தருவதாகச் சொல்லி 500 கோடி யூரோவைக் கொட்டியது. ஓடிக்கொண்டிருந்த கார்களையெல்லாம் சுற்றாடலின் பெயரால் நசித்தார்கள். எங்கள் ஊர் மெக்கானிக் அதைப் பார்த்திருந்தால் அழுதிருப்பார்.

இனி விலை. 40,000 யூரோவுக்கு ஒரு புதுக்கார். முதல் வருடத்தில் சுமார் கால்வாசி விலை போய்விடும் என்பது பொதுவான கணக்கு. அதாவது 10,000 யூரோ. 2025இல் இந்த நாட்டின் ஆகக்குறைந்த மணிக்கூலி 12.82 யூரோ. வரி பிடிக்க முன்பே பார்த்தாலும் அது 780 மணித்தியாலம். எட்டு மணி வேலை என்றால் 97 நாள். களஞ்சியத்தில் பெட்டி தூக்குகிற ஒருவர் நூறு நாட்கள் நின்று உழைத்ததை அந்தக் கார் வாசலில் நின்றே தின்றுவிடுகிறது. அந்த நூறு நாட்களில் எத்தனை இரவு அவர் பிள்ளையோடு சாப்பிடவில்லை? வேறு ஊரில் படிக்கிற மகளின் ஒரு வருட வாடகையும் சாப்பாடும் அதற்குள் அடங்கியிருக்கும்.

இரண்டாம் தலைமுறைக்கும் ஒரு வார்த்தை. தகப்பனின் பென்ஸைப் பார்த்துச் சிரிக்கிற தம்பி தங்கைகளே, உங்களில் பலர் சைக்கிளில் போகிறீர்கள், சந்தோஷம். ஆனால் முதல் வேலை கிடைத்த மாதமே லீசிங்கில் மின்சாரக் கார் எடுத்து, படம் பிடித்துப் போட்டு, சூழலைக் காப்பாற்றினோம் என்று எழுதுகிறவர்களும் உங்களுக்குள்தான் இருக்கிறார்கள். மண்டப வாசல் உங்களுக்குக் கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டது, அவ்வளவே.

எனவே ஒரு வேண்டுகோளும் ஒரு கேள்வியும். வேண்டுகோள் எல்லோருக்கும்: அடுத்த விழாவில் யாரிடமும் என்ன கார் என்று கேட்காதீர்கள். யாராவது கேட்டால், "ஓடுகிற கார்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுங்கள். கேள்வி, கார் வாங்கப் போகிறவருக்கு: இந்தக் காரை எந்தத் தமிழரும் ஒருபோதும் பார்க்கப் போவதில்லை என்றால், இதையேதான் வாங்குவீர்களா? ஆம் என்றால் தாராளமாக வாங்குங்கள், புதிதாகவே வாங்குங்கள். நான் வாய் திறக்கமாட்டேன். இல்லை என்றால், யார் பார்ப்பதற்காக வாங்குகிறீர்களோ அவரிடம் போய் மாதத் தவணையில் பாதியைக் கேளுங்கள்.