வெள்ளைச் சுவரின் சாட்சி

ஓவியம் பற்றித் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆயினும் முப்பது ஆண்டுகளாகச் செய்தி எழுதிவருபவன் என்ற வகையில், ஒல்லாந்து ஓவியர் பீட்டர் சான்ரெடாமை (1597–1665) என் தொழிலைச் சேர்ந்த ஒருவராகவே கருதுகிறேன்.

கோதிக் தேவாலயம் வெளிச்சத்தை உள்ளே அழைப்பதற்காக எழுந்த கட்டடம். கூரையின் பாரத்தைக் கூர்வளைவுகள் தூண்களுக்கும் வெளிப்புற முட்டுச் சுவர்களுக்கும் கடத்திவிடுவதால், சுவர்களில் பெரிய சாளரங்கள் திறக்க இடம் கிடைத்தது. 1566 இல் சிலைகள் உடைக்கப்பட்டன. சீர்திருத்தச் சபையின் கைக்கு மாறிய ஆலயங்களின் உட்புறம் வெள்ளையடிக்கப்பட்டது. எஞ்சியவை கல்லும் ஒளியுமே. சான்ரெடாம் வரைந்தது அந்த எச்சத்தைத்தான்.

1636 இல் உட்ரெக்ட் நகரில் அவர் ஏறத்தாழ இருபது வாரங்கள் தங்கினார். ஆலயங்களுக்குள் அமர்ந்து வரைந்தார், அளந்தார், தாளில் திகதியும் குறித்தார். அக்குறிப்பிலிருந்து பூர்கெர்க் ஆலயத்தின் உட்புறத்தைத் தீட்டியது 1644 இல்! எட்டு ஆண்டுகள் காத்திருந்த குறிப்பு அது. இலண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் உள்ள அவ்வோவியத்தில் நிழல்கூடக் கறுப்பன்று. வெண்மை மெல்லச் சாம்பலாகவும் மஞ்சளாகவும் மாறுகிறது, அவ்வளவுதான்.

அவர் சில ஓவியங்களில் தூண்களின் விகிதத்தை மாற்றினார் என்று குறை கூறுவோர் உளர். உண்மைதான். ஆனால், ஓவியத்தில் எடுத்துக்கொண்ட சுதந்திரத்தை அவர் குறிப்பில் எடுத்துக்கொள்ளவில்லை. இந்த வேறுபாட்டை நாம் மறந்துவிடுகிறோம். உட்ரெக்ட் பேராலயத்தின் நடுமண்டபம் 1674 இல் புயலில் இடிந்து வீழ்ந்தது. முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்னர் அதன் உள்ளே அமர்ந்து அவர் வரைந்த கோடுகள் இன்றும் இருக்கின்றன.

இங்கே எனக்கு வெட்கம் உண்டாகிறது. எங்கள் போர்க்காலத்தில் இடிந்த கட்டடங்களைப் பற்றி நானும் எழுதினேன். தொகை எழுதினேன், நேரம் எழுதினேன். சாளரங்கள் எத்தனை, காலை வெயில் எந்தப் பக்கத்தால் விழுந்தது என்பது என் குறிப்புப் புத்தகங்களில் இல்லை. இடிவதற்கு முன்னர் அக்கட்டடங்களுக்குள் நான் போயிருந்தேன், பார்க்கவில்லை.

பூர்கெர்க் ஓவியத்தின் ஓரத்தில் ஒரு சிறுவன் வெள்ளைச் சுவரில் கிறுக்கிக்கொண்டிருக்கிறான். அந்தக் கிறுக்கலின் கீழே, ஆலயத்தின் பெயர், ஆண்டு, தன் பெயர் ஆகியவற்றைச் சான்ரெடாம் எழுதிவைத்திருக்கிறார். ஒரு செய்தியாளன் தன் செய்தியின் கீழ் இடவேண்டிய ஒப்பமும் அதுவே.