வருமுன் காக்கும் பணம்

வருமுன் காப்பவன், வரும்போது காப்பவன், வந்தபின் காப்பவன் என மனிதரை மூவகையாகப் பிரித்துக் காட்டுவது நம் முன்னோர் வழக்கம். மனிதருக்குச் சொன்ன இப்பிரிவு அரசாங்கத்தின் பணத்துக்கும் பொருந்தும். துன்பம் வருமுன் செலவாகும் பணமும் உண்டு. வந்தபின் செலவாகும் பணமும் உண்டு. மத்திய அரசின் நிதி நம் மாவட்டத்தின் தொழிலுக்கும் மக்களின் பாதுகாப்புக்கும் பல வழிகளில் வந்து சேர்கிறது. அது எவ்வளவு வருகிறது என்று கேட்பவர் பலர். எப்போது வருகிறது என்று கேட்பவர் சிலரே. இக்கட்டுரை அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கிறது.

வானம் பார்த்த பூமி

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. குண்டாற்றில் மணல் தெரியும் நாள்களே அதிகம். கரிசலில் பருத்தியும் சிறுதானியமும் மானாவாரியாக விளையும். மழை பொய்த்தால் அதுவும் இல்லை. நிலம் கைவிட்டபோது இம்மக்களைத் தாங்கியது தொழில். அருப்புக்கோட்டையில் தறியும் நூற்பாலையும். மேற்கே சாத்தூரிலும் சிவகாசியிலும் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சும். விடியுமுன் கிராமத்துச் சாலையில் தூக்குவாளியோடு ஆலை வண்டிக்காகக் காத்து நிற்கும் பெண்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நம்மிடையே படிக்கும் பலருடைய கல்லூரிக் கட்டணம் அந்தத் தூக்குவாளியிலிருந்து வருவதே ஆகும்.

1922-இல் சிவகாசி இளைஞர் இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர் என்பது இம்மாவட்டம் பெருமையோடு சொல்லும் வரலாறு. அதற்கு அடுத்த வரலாற்றை நாம் அவ்வளவாகச் சொல்வதில்லை. 1934-இலேயே இந்திய அரசு தீப்பெட்டிக்கு உற்பத்தி வரி விதித்தது. அன்று முதல் இவ்வறண்ட பூமியின் கைகள் செய்த பொருளிலிருந்து தில்லிக்கு வரி போய்க்கொண்டே இருக்கிறது. சரக்கு மற்றும் சேவை வரி 2017 ஜூலையில் வந்தபோது பட்டாசுக்கு 28 விழுக்காடு விதிக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் அது 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. ஆகவே, மத்திய அரசிடமிருந்து வரும் நிதி யாரோ இடும் பிச்சை அன்று. நம்மிடமிருந்து சென்றதில் ஒரு பகுதி திரும்புவதே ஆகும். திரும்பும் பணத்துக்குக் கணக்குக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

பொறுப்பு யாருடையது?

நமது அரசியலமைப்பில் காவல்துறையும் பொது ஒழுங்கும் மாநிலப் பட்டியலில் உள்ளன. தீயணைப்புத் துறையை நடத்துவதும் மாநில அரசே. ஆனால் வெடிபொருள் மத்தியப் பட்டியலில் உள்ளது. 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமே இன்றும் அடிப்படை. பட்டாசு ஆலைகளுக்கு, அவை கையாளும் மருந்தின் அளவைப் பொறுத்து, மாவட்ட நிர்வாகமோ மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்போ உரிமம் அளிக்கிறது. அவ்வமைப்பின் தலைமையகம் நாகபுரியில் உள்ளது. தொழிலகப் பாதுகாப்பைக் கண்காணிப்பது மாநில இயக்ககம்.

ஆக, ஒரே ஆலையின் வாசலில் நாகபுரியும் சென்னையும் விருதுநகரும் நிற்கின்றன. பலர் காக்கும் வீட்டில், ஒவ்வொருவரும் மற்றவர் விழித்திருப்பார் என்று உறங்கிவிடுவதும் உண்டு. வெடிபொருளுக்கு உரிமம் தரும் அதிகாரம் தனக்கு வேண்டும் என்று சொல்லும் மத்திய அரசு, அதனால் நேரும் ஆபத்தைத் தடுக்கும் செலவிலும் பெரும்பங்கு ஏற்பதே முறை.

வந்தபின் வரும் பணம்

2012 செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உதவி செய்ய ஓடி வந்தவர்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் அவர்களுள் உண்டு. 2021 பிப்ரவரி 12-இல் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் நிகழ்ந்த விபத்தில் இருபது பேர் போல உயிரிழந்தனர். 2024 மே 1-இல் நமக்கு மிக அருகில், காரியாபட்டி வட்டம் ஆவியூர்ப் பக்கத்துக் கல்குவாரியில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்துத் தொழிலாளர் உயிரிழந்தனர். வெடிமருந்து சிவகாசியின் கவலை மட்டுமே என்று நாம் இருந்துவிட முடியாது.

அச்சங்குளம் விபத்தில் இறந்தோர் குடும்பத்துக்குப் பிரதமரின் நிவாரண நிதியிலிருந்து தலா ரூ.2 இலட்சமும் மாநில அரசிடமிருந்து தலா ரூ.3 இலட்சமும் அறிவிக்கப்பட்டன. காயமுற்றோர்க்கும் உதவி உண்டு. இதைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. தாயை இழந்த குழந்தைக்கு அந்தப் பணம் வேண்டும். ஆனால் அறிவிப்பு விரைந்து வரும் அந்த வேகம், விபத்துக்கு முன்பு ஏன் இல்லை? இறந்தபின் ஓர் உயிருக்கு இன்ன தொகை என்று உடனே சொல்ல முடிகிற நமக்கு, இருக்கும் உயிரைக் காக்க ஆண்டுக்கு எவ்வளவு செலவிடுகிறோம் என்று சொல்லத் தெரிகிறதா?

இந்தச் சாய்வு ஒரு விபத்தோடு நிற்பதன்று, கணக்கிலேயே உள்ளது. பதினைந்தாவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு மாநிலங்களின் பேரிடர் நிதியைப் பகுத்த முறையைப் பாருங்கள். நூறு ரூபாயில் உடனடி உதவிக்கு 40; மீட்டுக் கட்டுவதற்கு 30; ஆயத்தத்துக்கும் திறன் வளர்ப்புக்கும் 10; ஆபத்தைக் குறைக்கும் பணிகளுக்கு 20. அதாவது வந்தபின் செலவு எழுபது, வருமுன் செலவு முப்பது. தணிப்புக்கென்று தனி நிதி ஒதுக்கச் செய்ததே ஒரு முன்னேற்றம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் முப்பது, எழுபதைத் தொட இன்னும் வெகுதூரம் உண்டு.

நல்ல தொடக்கங்கள்

இருட்டை மட்டும் சொல்வது நேர்மையாகாது. 2023 ஜூலையில் மாநிலங்களின் தீயணைப்புத் துறையை விரிவுபடுத்தவும் நவீனப்படுத்தவும் மத்திய அரசு ரூ.5,000 கோடியில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. தமிழகம் போன்ற மாநிலங்கள் தம் பங்காக 25 விழுக்காடு போட வேண்டும். இது வருமுன் காக்கும் பணம். இப்பணத்தில் வாங்கும் வண்டிகளும் கருவிகளும் தலைநகரத்து மாடிக் கட்டடங்களோடு நின்றுவிடாமல், மருந்து அரைக்கும் ஊர்களுக்கும் பஞ்சு அடுக்கும் ஊர்களுக்கும் முதலில் வந்து சேர வேண்டும்.

2022 ஜனவரி 12-இல் தமிழகத்தில் திறக்கப்பட்ட பதினொரு அரசு மருத்துவக் கல்லூரிகளுள் விருதுநகர்க் கல்லூரியும் ஒன்று. ஏறத்தாழ ரூ.4,000 கோடிச் செலவில் ரூ.2,145 கோடி மத்திய அரசின் பங்கு. மீதி மாநிலத்தின் பங்கு. தீக்காயத்துக்கு நேரமே மருந்து. மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் வழியில் கழியும் ஒவ்வொரு நிமிடமும் உயிரைக் குறைக்கும். தில்லியும் சென்னையும் கை கோத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இக்கல்லூரி சான்று.

இன்னொன்று அறிவியல் துறையில் நடந்தது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசுக்குக் கட்டுப்பாடுகள் விதித்தபோது தொழிலே அழிந்துவிடுமோ என்று மாவட்டம் அஞ்சியது. நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் புகை குறைந்த பசுமைப் பட்டாசுக்கான கலவைகளை உருவாக்கித் தந்தது. அம்முயற்சியில் நம் பக்கத்துக் காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்கும் பங்கு உண்டு. மத்திய அரசின் பணத்தில் இயங்கும் ஆய்வகங்கள் தொழிலையும் காத்தன, காற்றையும் ஓரளவு காத்தன. உற்பத்தி ஒரு பக்கம், பாதுகாப்பு மறுபக்கம் என்று பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை என்பதே இதில் நாம் கற்கும் பாடம்.

இயந்திரத்துக்குப் பணம், மனிதருக்கு?

இனி நம் ஊர்த் தறிக்கு வருவோம். 1999-இல் மத்திய அரசு ஜவுளித் தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டத்தைத் தொடங்கியது. 2016-இல் அது திருத்தப்பட்டு 2022 மார்ச் வரை நடந்தது. திருத்திய திட்டத்தில் நெசவுப் பிரிவுக்கு முதலீட்டில் 10 விழுக்காடு மானியம். அதுவும் நாடா இல்லாத புதுத் தறிகளுக்கு. வீட்டோடு சேர்ந்த கூடத்தில் நான்கு சாதாரண விசைத்தறி வைத்திருப்பவருக்கு அது எட்டாத கனி. அவர்களுக்காக 2017-இல் வந்த ‘பவர்டெக்ஸ் இந்தியா’ திட்டம், பழைய தறியிலேயே சில கருவிகளைப் பொருத்த உதவியது. நூல் அறுந்தால் தறி தானே நிற்கும் அமைப்பும் நல்ல பிரேக் அமைப்பும் அவற்றுள் சில. துணியின் தரமும் உயர்ந்தது, தறிக்காரரின் உழைப்பும் எளிதாயிற்று. சிறியவரை எட்டிய உதவி இது.

எனினும் ஒரு குறை நிற்கிறது. மானியம் தறியின் விலையைக் கணக்கிட்டது. நாள் முழுதும் அதன் இரைச்சலில் நிற்பவரின் செவியைக் கணக்கிடவில்லை. பஞ்சுத் தூசியை இழுக்கும் மார்பையும், பழைய மின்கம்பியில் பற்றக்கூடிய தீயையும் கணக்கிடவில்லை.

இப்போது இம்மாவட்டத்தின் இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பிரதமர் மித்ரா ஜவுளிப் பூங்கா அமைய இருக்கிறது. 2023 மார்ச்சில் நாடெங்கும் அறிவிக்கப்பட்ட ஏழு பூங்காக்களுள் இது ஒன்று. ஏழுக்கும் சேர்த்து ரூ.4,445 கோடி ஒதுக்கீடு. அருப்புக்கோட்டைத் தறிக்காரர் பிள்ளைகளும், நம்மிடையே படித்து முடிப்பவர்களும் அங்கே வேலை தேடிச் செல்லப் போகிறவர்களே. பூங்காவுக்குச் சாலையும் மின்சாரமும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் எப்படி முதல் நாளே வேண்டுமோ, அப்படியே தீயணைப்பு நிலையமும் மருத்துவ உதவியும் முதல் நாளே வேண்டும். முதல் தீ விபத்துக்குப் பிறகு வரக் கூடாது.

எதிர்வாதமும் விடையும்

பாதுகாப்புக்குச் செலவிட்டால் பொருளின் விலை ஏறும், சிறு தொழில் நசியும் என்பார் உண்டு. முற்றிலும் தவறான வாதமன்று. அதனாலேயே அச்செலவைச் சிறு முதலாளியின் தலையில் மட்டும் சுமத்தாமல், பொதுப் பணம் தோள் கொடுக்க வேண்டும் என்கிறோம். பணத்தால் மட்டும் விபத்து நிற்காது, உள்குத்தகை விடுவதும், அளவுக்கு மேல் ஆள் வைப்பதும், துண்டுக் கூலியின் அவசரமும் நிற்க வேண்டும் என்பாரும் உண்டு. அதுவும் உண்மையே. ஆனால் அவற்றைக் கண்டுபிடிக்கப் போதிய ஆய்வாளரும், கற்றுக் கொடுக்கப் போதிய பயிற்சியாளரும் வேண்டுமல்லவா? அவர்களுக்கு ஊதியம் எங்கிருந்து வரும்?

அமெரிக்காவில் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். அங்கே சிறு தொழிற்கூடக்காரர் தாமே அழைத்தால், பாதுகாப்பு வல்லுநர் வந்து இலவசமாகக் குறைகளைக் காட்டித் தருவார். அவர் தண்டம் விதிக்க வருபவர் அல்லர். தண்டிக்கும் துறை வேறு. ஆனால் அவர் சுட்டிய பெரிய ஆபத்தை உரிமையாளர் திருத்தியே தீர வேண்டும். இதை நடத்துவன மாநிலங்கள். பணத்தில் பெரும்பங்கு தருவது கூட்டரசு. ஆய்வாளர் ஜீப் தெரிந்தாலே கதவடைக்கும் நம் ஊருக்கு இது சிந்திக்கத் தக்க ஏற்பாடு.

நாம் வேண்டுவது

மூன்றே வேண்டுகோள்கள். ஒன்று: தொழிலுக்கென்று மத்திய அரசு தரும் ஒவ்வொரு மானியத்திலும் தொழிலாளர் பாதுகாப்புக்கென ஒரு பங்கு கட்டாயமாக ஒதுக்கப்பட வேண்டும். இரண்டு: தண்டிக்காமல் கற்றுக் கொடுக்கும் இலவசப் பாதுகாப்பு ஆலோசனை நிலையம் விருதுநகர் மாவட்டத்தில் மத்திய நிதியில் தொடங்கப்பட வேண்டும். நம் அரசுக் கல்லூரிகளில் வேதியியல் பயின்றவர்களுக்கு அதில் இடம் தர வேண்டும். மருந்தின் குணம் படித்தவர் அதனைக் கையாள்பவருக்குத் தமிழில் சொல்லித் தருவதைவிடப் பட்டப்படிப்புக்கு வேறென்ன பயன்? மூன்று: எந்தத் திட்டத்தில் எவ்வளவு வந்தது, எந்த ஊரில் செலவாயிற்று என்ற கணக்கை ஆண்டுதோறும் ஊராட்சி அலுவலகச் சுவரில் தமிழில் எழுத வேண்டும்.

மாணவத் தோழர்களே! நாம் நாளை அலுவலராகலாம், ஆசிரியராகலாம், ஆலையில் கண்காணிப்பாளராகலாம். எந்த நாற்காலியில் அமர்ந்தாலும் ஒரு கோப்பு நம் கைக்கு வரும். அது இழப்பீட்டுக் கோப்பாக வராமல் பாதுகாப்புக் கோப்பாக வரும்படி செய்வது நம் தலைமுறையின் கடமை. கூட்டாட்சி என்பது தில்லிக்கும் சென்னைக்கும் இடையே நடக்கும் வழக்கு மட்டுமன்று. காலையில் தூக்குவாளியோடு வண்டி ஏறிய பெண், மாலையில் அதே தூக்குவாளியோடு வீட்டு வாசலில் இறங்குவதே அதன் வெற்றிக்கு அளவுகோல்.