பல்லுக்குப் பல் தேய்மானம்

சைக்கிளில் போகும்போது மிதிப்பதை நிறுத்தினால் பின்சக்கரத்திலிருந்து 'டிக் டிக் டிக்' என்று ஒரு சத்தம் வருமே, ஞாபகம் இருக்கிறதா? பைக், ஸ்கூட்டர் என்று முன்னேறிவிட்டவர்களுக்கு மறந்து போயிருக்கும். அந்தச் சத்தத்துக்குச் சொந்தக்காரர் பெயர் ஃப்ரீவீல்.

பெயரைப் பார்த்து ஓசியில் கிடைக்கிற சக்கரம் என்று நினைத்துவிடாதீர்கள். காலுக்கு ஓய்வு கொடுக்கிற சமாசாரம் இது. இது வருவதற்கு முந்தைய சைக்கிள்களில், சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றியே தீரும். இறக்கத்தில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு இஷ்ட தெய்வத்தைக் கூப்பிட வேண்டியதுதான். 1890-களின் கடைசியில்தான் ஃப்ரீவீல் பரவலாக வந்து மனிதனைக் காப்பாற்றியது.

உள்ளே பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. வெளியே செயின் மாட்டுகிற பல். உள்பக்கம் ரம்பம் மாதிரி இன்னொரு வரிசைப் பல். நடுவில் இரண்டு குட்டி இரும்பு நாக்கு. அதைத் தூக்கிப் பிடிக்கத் தலைமுடி போல ஒரு ஸ்பிரிங். மிதித்தால் நாக்கு உள்பல்லில் மாட்டிச் சக்கரம் ஓடும். மிதிக்காவிட்டால் பல்லின் மேல் தட்டித் தட்டி வழுக்கிப் போகும். மிதித்தால்தான் வேலை செய்வேன் என்கிற குணம் ஆபீஸில் பலருக்கு உண்டு. அதையே இரும்பில் உருப்படியாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

இதை எல்லாம் நான் தெரிந்துகொண்டது எங்கள் அப்பா புண்ணியத்தில். அவருக்கு 71 வயது. ஞாயிறு காலை ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டி காந்தி மார்க்கெட் போய்க் காய்கறி வாங்கி வந்தால்தான் அவருக்கு ஞாயிறு. "இங்கேயே கிடைக்குதேப்பா" என்றால், "இந்தக் கத்தரிக்காய்க்கு முகத்துல களையே இல்லைடா" என்பார்.

சைக்கிளில் செயின் அடிக்கடி கழன்றது. ஒரு கடையில் செயினை மட்டும் புதிதாக மாற்றிக் கொடுத்தார்கள். ஃப்ரீவீலைத் தொடவில்லை. செலவு மிச்சம் என்று அப்பாவுக்கும் சந்தோஷம். அடுத்த ஞாயிறு மாம்பழச்சாலைப் பக்கம் பாலத்து ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்திருக்கிறார். 'கடக்'! செயின் பல்லைத் தாண்ட, கால் சறுக்க, சைக்கிளோடு சாய்ந்துவிட்டார். பின்னால் வந்த ஒண்ணாம் நம்பர் பஸ் டிரைவர் புண்ணியவான், சடாரென்று பிரேக் போட்டிருக்கிறார்.

வீட்டில் அப்பா மூச்சு விடவில்லை. வேட்டியில் இருந்த ரத்தக்கறை சொல்லிவிட்டது.

"நாளைக்கே பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டு எடைக்குப் போடுடா!" என்று அம்மா தீர்ப்பு வழங்கினாள்.

அப்பா எதிர்த்துப் பேசவில்லை. பேப்பரில் ஒரே பக்கத்தை அரைமணி நேரம் படித்தார். சைக்கிள் போனால் இனிமேல் எங்கே போகவும் என்னையோ, ஆட்டோவையோ எதிர்பார்க்க வேண்டும். நாற்பது வருஷமாக யாரையும் கேட்காமல் போய் வந்த மனுஷர்.

"ஒரு வாரம் டைம் குடும்மா" என்று வாய்தா வாங்கிக்கொண்டு, அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு பாய் கடைக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன்.

"கடைசியா எப்போ தம்பி ஃப்ரீவீல் மாத்துனது?"

அப்பாவுக்குப் போன் போட்டேன். "உன் பிளஸ் டூ பரீட்சை சமயம்டா."

18 வருஷம்! பல் ஒவ்வொன்றும் கொக்கி மாதிரி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. எண்ணிப் பார்த்தேன். முன்னால் 44 பல், பின்னால் 18. முன்பல் ஒரு தரம் செயினைச் சந்திப்பதற்குள் பின்பல் ஏறக்குறைய இரண்டரை தரம் சந்தித்துவிடுகிறது. பின்பக்கம் முதலில் தேய்வது இதனால்தான்.

செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் அரை இன்ச் தூரம். 24 கண்ணி என்றால் கச்சிதமாக 12 இன்ச். நாளாக ஆகப் பின்கள் தேய்ந்து செயின் நீளும். அதற்கேற்றபடி பல்லும் தேய்ந்து, இரண்டும் அனுசரித்துக் குடும்பம் நடத்தும். நடுவில் புதுச் செயின் வந்தால் பழைய பல்லோடு ஒட்டாது. அழுத்தி மிதித்தால் தாண்டும். சரி, புதுப் பல்லில் பழைய செயினைப் போட்டால்? அது புதுப் பல்லையும் சீக்கிரமே தன் வழிக்குக் கொண்டுவந்துவிடும்.

கழற்றுவதுதான் பெரிய பாடு. மிதிக்க மிதிக்க இறுகுகிற மரை அது. அப்பாவின் 18 வருஷ மிதியும் சேர்ந்து இறுக்கி வைத்திருந்தது. பாய் மண்ணெண்ணெய் விட்டார். டீ குடித்தார். கழற்றுகிற கருவியை வைஸில் பிடித்து, சக்கரத்தை அதன் மேல் கவிழ்த்து, ஆளுக்கொரு பக்கம் ரிம்மைப் பிடித்து, பஸ் ஸ்டியரிங் மாதிரி இடது பக்கமாகத் திருப்பினோம். மூன்றாவது முயற்சியில் 'டொக்'.

புதியதை ஏற்றும்போது மரையில் துளி கிரீஸ். முதல் சில சுற்று கையால்தான். கோணலாக ஏறினால் ஹப்பின் மரையே போய்விடுமாம்.

"நல்லா இறுக்க வேண்டாமா பாய்?"

"அதை அப்பா மிதிச்சு இறுக்கிக்குவார் தம்பி."

ஃப்ரீவீல், கூலி, டீ எல்லாம் சேர்த்து 300 ரூபாய். மரை அளவு மாறாததால் 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் ஆரம்ப கால சைக்கிளுக்கும் இன்றைய லூதியானா ஃப்ரீவீல் பொருந்தும். ஐந்து வருஷத்துப் பழைய செல்போனுக்கு பேட்டரி கேட்டுப் பாருங்கள், கடைக்காரர் துக்கம் விசாரிப்பார்!

பி.காமில் தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. மேஜைக்கு இத்தனை சதவிகிதம், மெஷினுக்கு இத்தனை என்று தனித்தனியாகக் கழிப்போம். சைக்கிளில் அந்தக் கணக்கு எடுபடாது. செயினும் பல்லும் ஜாயின்ட் அக்கவுண்ட். அம்மாவோ மொத்தச் சொத்தையே ரைட்-ஆஃப் பண்ணப் பார்த்தாள். இப்போது ஒரு நிபந்தனையோடு விட்டிருக்கிறாள். பாலத்து ஏற்றத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

உங்கள் வீட்டிலும் ஒரு பழைய சைக்கிள் இருந்தால், இந்த ஞாயிறு ஒரு ஸ்கேலை எடுங்கள். 24 கண்ணி, 12 இன்ச்சுக்கு மேல் அரைக்கால் இன்ச் நீண்டிருந்தால், செயினோடு ஃப்ரீவீலையும் மாற்றுங்கள். செயின் சரியாக இருந்தும் பெடல் மட்டும் சும்மா சுற்றினால், உள்ளே நாக்கு ஒட்டிக்கொண்டிருக்கலாம். மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி மெல்லிய எண்ணெய் விட்டால் பிழைத்தாலும் பிழைக்கும். உள்ளே கிரீஸ் மட்டும் வேண்டாம், நாக்கு இன்னும் ஒட்டும். பல் தேய்ந்திருந்தால் வைத்தியம் கிடையாது, மாற்றத்தான் வேண்டும்.

வயசானவரிடம் "சைக்கிளை விட்டுடுங்க" என்று சொல்லும் முன்னால், தேய்ந்தது அவரா, அந்த 18 பல்லா என்று ஒரு தடவை குனிந்து பார்த்துவிடுவது நல்லது.