சின்ன விஷயம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

சென்ற மாதம் எங்கள் ஊர் இலக்கியக் கூட்டமொன்றில் ஓர் இளம் எழுத்தாளர் தம் சிறுகதையை வாசித்தார். ஒரு தகப்பன் மூன்று வயது மகனைக் குளிப்பாட்டுகிறான். கண்ணில் சோப்பு நுரை பட்டுப் பிள்ளை அழுகிறது. சமாதானம் செய்து துவட்டிவிடுகிறான். இறந்துபோன தன் தந்தையை நினைத்துக் கண் கலங்குகிறான். கதை அவ்வளவுதான். மூத்த விமர்சகர் ஒருவர் எழுந்து, "மொழி நன்றாக வந்திருக்கிறது. ஆனால் சின்ன விஷயம். இதையெல்லாம் பெண்கள் பத்திரிகைக்கு அனுப்பலாம். இலக்கியம் வாழ்வின் பெருங்கேள்விகளைச் சந்திக்க வேண்டும்" என்றார். பலர் தலையசைத்தனர். அந்த இளைஞர் காகிதங்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். நானும் வாய் திறக்கவில்லை. இக்கட்டுரையை அதற்கான பிராயச்சித்தமாகவும் கொள்ளலாம்.

போரும் சாவும் அரசும் பெருங்கேள்விகள் என்பதில் ஐயமில்லை. அவற்றுக்கெல்லாம் நாம் சான்று காட்டும் நூல் புறநானூறு. அந்தப் புறநானூற்றின் 188ஆம் பாட்டைப் பாடியவன் பாண்டியன் அறிவுடை நம்பி, ஓர் அரசன். பலரோடு அமர்ந்து உண்ணும் பெருஞ்செல்வரின் பந்தி. அதன் நடுவே ஒரு குழந்தை தத்தித் தத்தி வருகிறது. கையை நீட்டுகிறது, சோற்றைத் தரையில் போடுகிறது, தொடுகிறது, வாயால் கவ்வுகிறது, குழப்புகிறது, நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் பூசிக்கொள்கிறது. ஏழடிப் பாட்டில் அன்பு என்றோ பாசம் என்றோ ஒரு சொல் கிடையாது. அடுக்கடுக்காக வினைகள் மட்டுமே. பார்த்துக்கொண்டே இருந்த ஒருவனால்தான் இப்படிப் பாட முடியும். பிள்ளையில்லாதோரின் வாழ்நாள் பயனற்றது என்ற அதன் தீர்ப்புக்காக நான் வழக்காட வரவில்லை, அது கொடுமை. நடுவிலுள்ள மூன்றடிகளுக்காகவே வழக்காடுகிறேன். அவை சின்ன விஷயம் என்றால், தொகுத்தவருக்கு அது தெரியாமலா போயிற்று?

92ஆம் பாட்டில் ஔவை அதியமானிடம் பேசுகிறாள். மழலைக்கு யாழின் இசையுமில்லை, காலத்தோடு பொருந்துவதுமில்லை, பொருளும் விளங்குவதில்லை. ஆயினும் தந்தையர்க்கு அது அருளை உண்டாக்குகிறது என்கிறாள். தாயர்க்கு என்று அவள் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பகைவர் கோட்டைகள் பலவற்றைக் கடந்த ஒருவனிடம் தன் கவிதைக்கு ஓர் உவமை சொல்ல அவளுக்குக் கிடைத்தது இதுதான்.

நாமோ இவ்விரண்டையும் விட்டுவிட்டு 312ஐப் பிடித்துக்கொண்டோம். பெறுவது தாயின் கடமை, சான்றோனாக்குவது தந்தையின் கடமை என்னும் பொன்முடியாரின் பாட்டு. அது களத்தில் யானையை வீழ்த்தி மீளும் மகனைப் பற்றியது. வேல் வடிக்கும் கொல்லனும் அதில் உண்டு. மேடைகளில் முதலிரண்டு அடிகளோடு நிறுத்திவிடுகிறோம். போர்ப்பாட்டு, பள்ளி ஆண்டுவிழாக்களில் கல்விக் கட்டணப் பாட்டாகிவிட்டது. தந்தை என்பவன் ஆக்குகிறவன், அனுப்புகிறவன், செலவழிக்கிறவன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பது அவன் வேலையன்று.

நானும் அப்படித்தான் இருந்தேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, வீட்டுத் திண்ணையில் அகமதிப்பீட்டு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். கேள்வி இதே 312 பற்றியது. என் மகளுக்கு அப்போது நான்கு வயது. கொட்டாங்கச்சியில் ஈரமணலைக் குழைத்து, மேலே ஒரு வேப்பிலையை வைத்து, "அப்பா, சாம்பார் சாதம்" என்று நீட்டினாள். நிமிராமல், "ரொம்ப நல்லாருக்கும்மா" என்றேன். அவள் நகரவில்லை. சற்றுநேரம் கழித்து, "நீ இன்னும் சாப்பிடவே இல்லையே" என்றாள். குரலில் கோபமில்லை, பிழையைச் சுட்டுகிற நிதானம் மட்டுமே இருந்தது. சிவப்புப் பேனா என் கையில்தான் இருந்தது. அந்த விடைத்தாளுக்கு எத்தனை மதிப்பெண் போட்டேன் என்பது நினைவில்லை. வேப்பிலை நினைவிருக்கிறது.

எதிர்த்தரப்பில் நியாயம் இல்லாமலில்லை. குழந்தையைத் தெய்வமாக்கிக் கற்பூரம் காட்டும் எழுத்துகள் நம்மிடம் குவிந்து கிடக்கின்றன. பிற்காலப் பிள்ளைத்தமிழ்கள் பலவும் பருவம் பத்தையும் வாய்பாடாக ஒப்பித்தவையே. (அரசியல் தலைவர்களுக்குப் பாடியவற்றைப் பற்றிப் பேசாதிருப்பது நலம்.) ஆனால் அங்கே குறை, பொருள் சிறியது என்பதன்று, பாடியவர் குழந்தையைப் பார்க்கவில்லை என்பது. தி.ஜானகிராமனின் 'சிலிர்ப்பு' கதையில் என்ன பெருங்கேள்வி இருக்கிறது? ரயில் பெட்டி, ஒரு தகப்பன், அவன் மகன், பிழைப்புக்காகக் கல்கத்தா செல்லும் ஒரு சிறுமி, ஓர் ஆரஞ்சுப் பழம். நம் விமர்சகரே அதைத் தமிழின் தலைசிறந்த கதைகளுள் ஒன்றாகப் பலமுறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஜானகிராமன் எழுதினால் ஆரஞ்சு, அறிமுக எழுத்தாளர் எழுதினால் சோப்பு நுரை. இது என்ன அளவுகோல்?

அந்த இளைஞரிடம் அன்று சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன். கதையைக் கிழித்துவிடாதீர்கள். நுரை பட்ட கண்ணை அந்தக் குழந்தை புறங்கையால் தேய்க்கும் இடம் அருமை. கடைசிப் பத்தியில் தகப்பன் கண் கலங்குவதை மட்டும் எடுத்துவிடுங்கள். துவட்டியதோடு நிறுத்தினால் போதும்.